இடப்பக்கத் தடம்

7 டிசம்பர் 1964, திங்கள்

பத்தொன்பது வருஷம் சுரங்க என்ஜின் ரூம் லாக் புத்தகத்தில் மணி, நிமிஷம், லெவல் என்று எழுதிய கை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்றுவிட்டார்கள்; ஐம்பத்தொரு நாளாக எழுத எதுவும் இல்லாமல் அரிக்கிறது. அதனால் இந்த நோட்டு.

டாக்டர் இன்று நடக்கச் சொன்னார். "தெனம் ஒரு மணி நேரம் நட தம்மபாலா. வீட்லயே உக்காந்திருந்தா இல்லாததெல்லாம் கேக்கும்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. என் கேஸே அதுதானே.

ஜனவரி நாலாம் தேதி காதுப் பரிசோதனை. காதில் கோளாறு என்று எழுதிவிட்டால், அன்றைக்கு நான் கேட்ட மணி அடிக்காத மணி. அடிக்காத மணிக்கு, சுரங்கத்தில் ஆளேற்றும் கேஜைத் தூக்கியவன் நான். அப்படியானால் ராஜப்பாவைக் கொன்றது நான். வேலை போவது இரண்டாம் பட்சம். இந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

8 டிசம்பர், செவ்வாய்

நடந்தேன். எங்கே போவது? கால் தானாக சயனைட் மேட்டுக்குத்தான் போயிற்று.

சுலபமான ஏற்றம். கர்ப்பிணிகூட மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். தங்கத்தை எடுத்துக்கொண்டு மில் துப்பிய மண், அறுபது எழுபது வருஷமாகக் குவிந்து மலையாகி நிற்கிறது. புல் இல்லை, எறும்பு இல்லை. ஆடுகூட அடிவாரத்தோடு திரும்பிவிடும். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறம். மேலே அப்பளம் மாதிரி ஒரு பொருக்கு. மிதித்தால் நொறுங்கும், மிதித்த தடம் காற்றடிக்கும்வரை அப்படியே இருக்கும். உதட்டை நக்கினால் இரும்பு ருசி.

ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜப்பாவும் நானும் இந்த வழியாகத்தான் மேட்டைத் தாண்டி, கோரமண்டல் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்குப் போவோம். ஒரே லைனில் அடுத்தடுத்த வீடு. அவன் எப்போதும் என் இடப்பக்கம்தான் நடப்பான். டிரில் மிஷின் பிடித்துப் பிடித்து அவனுக்கு இடது காது போய்விட்டது. வலது காது என் பக்கம் இருக்கவேண்டும். "நீ திட்றது ஒண்ணுகூட மிஸ் ஆவக்கூடாது டிரைவரே" என்பான்.

இன்று இடப்பக்கம் காலியாக இருந்தது. உச்சியில் நின்று பார்த்தேன். எங்கள் சுரங்க ஷாஃப்டின் மேல் கேஜ் கயிற்றுச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. என் வலது கை தானாக லீவரைத் தேடியது. வெட்கமாக இருந்தது.

9 டிசம்பர், புதன்

நேற்றைய என் தடம் அப்படியே இருந்தது. போன தடம், வந்த தடம், இரண்டும்.

பக்கத்தில் இன்னொரு ஜோடி. இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி. என்னோடு சேர்ந்து ஏறி, நான் நின்ற இடத்தில் நின்று, என்னோடு திரும்பியிருக்கிறது. நேற்று மேட்டில் என்னைத் தவிர ஒரு காக்கைகூட இல்லை.

பூட்ஸ் தடம். இடது காலில் மட்டும் குறுக்குக் குறுக்காகக் கோடு.

யாருடையது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

10 டிசம்பர், வியாழன்

இன்றும். இடப்பக்கம். ஒரு முழம்.

12 டிசம்பர், சனி

நடந்துகொண்டிருந்தேன். மேட்டின் முதுகில், பாதி வழியில், மணி அடித்தது. ஒன்று.

கால் நின்றுவிட்டது. யோசித்து நிற்கவில்லை. கேஜ் ஓடும்போது ஒன்று அடித்தால் நிறுத்து. நிற்கும்போது ஒன்று அடித்தால் தூக்கு. பத்தொன்பது வருஷப் பழக்கம், மூளைக்குப் போகாமலே உடம்பு கேட்டுக்கொள்ளும்.

உச்சியில் மண்ணுத் தண்ணி கொண்டுவரும் பழைய இரும்புக் குழாய் ஒன்று கிடக்கும். காற்றில் அது எதிலாவது மோதியிருக்கும். குழாய்தான். குழாய் என்றே எழுதிவைக்கிறேன்.

காற்று அடித்ததா? நினைவில்லை.

13 டிசம்பர், ஞாயிறு

நாகம்மாவும் வருகிறேன் என்றாள். வீட்டுக்காரன் தினமும் வெளுத்துப்போய்த் திரும்புகிறானே, எங்கேதான் போகிறான் என்று பார்க்க வந்திருப்பாள். பேச்சும் சிரிப்புமாகத்தான் ஏறினாள். பாதியில் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இன்னாங்க இது? ராஜப்பா அண்ணன் பூட்ஸுங்க!"

எனக்கு முன்னால் அவள் வாயில் வந்துவிட்டது. லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இடது பூட்ஸ் அடி தேய்ந்தபோது, புதுசு வாங்காமல் லாரி டயரை வெட்டி ஆணி அடித்துக்கொண்டவன் அவன். ஷிஃப்டுக்குக் கிளம்பினால் "லாரி போவுது, வழி வுடுங்கடா" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அவனும் ஹாரன் அடித்துக்காட்டுவான்.

"அந்த பூட்ஸு அண்ணனோட குழிக்குப் போயிருக்கும்னு நெனச்சேனே" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பார்வதம்மாவிடம் போய்க் கேட்கலாம் என்றாள். வேண்டாம் என்றேன். கட்டினவனைப் பறிகொடுத்த மனுஷி முன்னால் நான் எந்த முகத்தோடு போய், உன் புருஷன் பூட்ஸ் எங்கே என்று கேட்பேன்?

இறங்கும்போது நாகம்மா என் இடப்பக்கம் வரவில்லை. வலப்பக்கமாகவே, கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இந்தப் பக்கமே இனிமேல் வரக்கூடாது என்று சத்தியம் கேட்டாள். செய்யவில்லை.

14 டிசம்பர், திங்கள்

அப்பா சொல்வார்: "செத்தவன் எங்கியும் நடக்கறதில்லடா. நம்ம நெனப்புதான் நடக்குது." புத்த விகாரைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பேய்க்கும் இடமில்லை, வேப்பிலைக்கும் இடமில்லை. நினைப்புக்கு லாரி டயர் தடம் விழுமா அப்பா?

சரி. நடந்ததை லாக் புத்தகம் மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

ஆயுதபூஜை கழிந்த மூன்றாம் நாள். ஷிஃப்ட் முடியும் நேரம். கீழே லெவலில் மணிக் கைப்பிடியை இழுப்பவன் துரை. பெயர்தான் துரை, ஆள் பெல்மேன். அவன் கீழே இழுத்தால் மேலே என் என்ஜின் ரூமில் மட்டும்தான் மணி அடிக்கும். மூன்று வந்தது: ஆள் ஏறுகிறது. திருப்பி மூன்று கொடுத்தேன். ஆட்கள் ஏறியானதும், கதவு சாத்தியானதும் துரை ஒன்று அடிக்கவேண்டும். ஒன்று வந்தது. தூக்கினேன்.

ராஜப்பா ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

விசாரணையில் துரையைக் கேட்டார்கள்: "ஒன்று அடித்தது நீயா?" அவன் தலையைக் குனிந்தபடி, "நான் அடிக்கல சார்" என்றான். மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் அதே பதில். பொய் சொல்கிற முகம் இல்லை அது. நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். சத்தியம் பண்ணுகிறவன் முகம்.

அப்புறம் நான் கேட்டது எது? நான் கேட்டேன்யா. கேட்டேன். இந்தக் காதால கேட்டேன்.

19 டிசம்பர், சனி

வந்ததும் நோட்டை எடுத்தேன். எழுதினால் தெளியும்.

காலையில் பனிமூட்டம். மேடும் வெள்ளை, மூட்டமும் வெள்ளை. என் கால் எனக்கே தெரியவில்லை. வழி மனப்பாடம் என்ற திமிரில் நடந்தேன். என் காலடியில் பொருக்கு நொறுங்கும் சத்தம். அதற்கு அரைக்கணம் பிந்தி இன்னொரு நொறுங்கல். இடப்பக்கம். நான் நின்றால் அது நின்றது. அப்பாவை நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மணி. ஒன்று. காதுக்குள் அடித்த மாதிரி அத்தனை கிட்டத்தில்.

நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, மூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. எனக்கு முன்னால் இரண்டடியில் பாதை இல்லை. ஐப்பசி மழை உள்ளே அரித்துவிட்டிருந்த ஓடை, நேற்றோ இன்றோ உள்வாங்கி இருபதடிக்கு வாயைப் பிளந்து கிடந்தது. விழுந்திருந்தால் மண் மூடிக்கொண்டிருக்கும். ஒரு சட்டைப் பித்தான்கூடக் கிடைத்திருக்காது.

சுற்றிப்போய் உச்சியில் குழாயைத் தேடினேன். குழாயைத் தாங்கிய கட்டைகள் இரண்டு மட்டும் இருக்கின்றன. குழாய் இல்லை. எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாகம்மாவிடம் சொல்லவில்லை.

25 டிசம்பர், வெள்ளி

பக்கத்து வீட்டு நேசமணி கேக் கொண்டுவந்தார். எல்லோரும் என்னிடம் பேசும்போது கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறார்கள். நான் செவிடன் என்று முடிவு கட்டியாயிற்று போலும். எனக்கு அவர்கள் மனசில் நினைப்பதுவரை கேட்கிறது.

4 ஜனவரி 1965, திங்கள்

பரிசோதனை முடிந்தது. காதில் ஒரு கருவியை மாட்டி, கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். கொசு அளவு சத்தத்துக்குக்கூடத் தூக்கினேன். டாக்டர் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இருவது வயசுப் பையன் காதுப்பா இது. ஒரு கொறையும் இல்ல."

சந்தோஷத்தில் எழுந்தே விட்டேன். அவர் உட்காரச் சொன்னார்.

"காது சரியா இருந்து, அடிக்காத மணி கேட்டிருக்குன்னா, கோளாறு காதுல இல்ல தம்மபாலா." தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "பெங்களூர்ல ஒரு டாக்டருக்கு எழுதறேன். பயப்படாதே. ரெஸ்ட் எடுத்தா சரியாப்பூடும்."

செவிடன் என்றால்கூடக் கௌரவமாக இருந்திருக்கும்.

வேறெங்காவது மணி கேட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். இந்த நோட்டில் எழுதியிருப்பதை அவர் படித்தால் இன்றைக்கே ரயில் ஏற்றியிருப்பார்.

5 ஜனவரி, செவ்வாய்

சாயங்காலத்துக்குள் லைன் பூராவும் தெரிந்துவிட்டது. குழாயடியில் நாகம்மா வந்ததும் பேச்சை நிறுத்தினார்களாம். அழுதாள். நான் பைத்தியமா? நானே கேட்டுக்கொள்கிறேன்: பைத்தியமா நீ? தெரியலியே. எவனுக்குத் தெரியும்.

6 ஜனவரி, புதன்

நடந்ததை வரிசையாக எழுதவேண்டும். தவறவிடக்கூடாது.

மூட்டம் லேசாகத்தான் இருந்தது. உள்வாங்கிய இடத்தைச் சுற்றிக்கொண்டு ஏறினேன். உச்சியில், கட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு உருவம். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சுரங்கத் தொப்பி. என் கண் கீழே போயிற்று. காலில் அந்த பூட்ஸ். இடது குதிகாலில் டயர் விளிம்பு நீட்டிக்கொண்டு நின்றது.

"ராஜப்பா" என்றேன்.

திரும்பினான். துரை.

"அண்ணே" என்றான். அவனும் பயந்துதான் இருந்தான். "எப்டிண்ணே சொல்றது... உங்கள பெங்களூருக்கு அனுப்பப் போறாங்களாமே."

பூட்ஸ் என்று கையைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். "என்னுது கிழிஞ்சிபூட்ச்சி. நாந்தானே அண்ணன மேல தூக்கினு வந்தேன். அதுக்காவ பார்வதம்மா அக்கா குடுத்துச்சி. வேணாம்னா கேக்கல. இத்தப் போட்டதுலருந்து தூங்க முடியல, சோறு எறங்கல."

அப்புறம் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். பிரித்தான். காய்ந்து கறுத்த சாமந்தி மாலை. நடுவில் அறுந்திருந்தது.

"மணி அடிச்சுதுண்ணே" என்றான்.

மாலையைத் தொட்டுப் பார்த்தேன்.

"நான் அடிக்கல. ஆனா மணி அடிச்சுது. ஆயுதபூஜைக்குக் கைப்பிடிக்கு மாலை போட்டது நானு. மறுநாளே எடுத்திருக்கணும். அழகா கீதே, கெடக்கட்டும்னு வுட்டேன். அன்னிக்கு அண்ணன் கடைசியா வந்து ஏறுச்சி. கையில டிபன் கேரியர். அதோட கொக்கி மாலையில மாட்டிக்கிச்சி. இவரு உள்ள கால வெக்கறாரு, மாலை கைப்பிடிய இழுக்குது. ஒரே ஒரு இழுப்பு."

ஒன்று.

"கண்ணெதிர பாத்தேண்ணே. எல்லாரும் அண்ணனத் தூக்கறதுக்குள்ள மாலையப் பிச்சி சட்டைக்குள்ள போட்டுக்கினேன். விசாரணையில 'நீ அடிச்சியா'ன்னுதான் கேட்டாங்க. 'மணி அடிச்சுதா'ன்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." பூட்ஸைக் குனிந்து பார்த்து, "இல்ல, அதுவும் பொய்யி. சொல்லியிருக்க மாட்டேன்" என்றான்.

சட்டையைப் பிடித்துவிட்டேன். என்னென்னவோ கத்தினேன். எண்பத்தோரு நாள்டா! பொண்டாட்டி குழாயடியில தலை குனிஞ்சி நிக்கறாடா! கொலகாரன்னு என்னை நானே செருப்பால அடிச்சிக்கினு கிடந்தேனேடா! அவன் தடுக்கவேயில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தான். அப்புறம் சட்டையை விட்டுவிட்டேன். அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். துக்கமா, நிம்மதியா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. மணி அடித்திருக்கிறது. நான் கேட்டது அடித்த மணி.

கடைசியாகத்தான் கேட்டேன். "இத்தினி நாளா என் கூடவே தடம் வெச்சி வந்தியே, அப்பவே கூப்ட்டு சொல்லியிருக்கலாமில்ல?"

"தினம் எங்கண்ணே வந்தேன்? ராத்திரி ஷிஃப்ட் முடிச்சி மூணு நாளுதான் வந்தேன். அதுவும் இந்த வாரம்தான். பக்கத்துல எங்க நடந்தேன்? மண்ணு உள்வாங்கிடுமோன்னு பயம். உங்க தடத்து மேலயே காலு வெச்சி வந்தேன்."

மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு இருக்கிற பயம் போதும்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். டிசம்பர் 9: இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி. டிசம்பர் 10: இடப்பக்கம், ஒரு முழம். என் கையெழுத்துத்தான்.

7 ஜனவரி, வியாழன்

துரை மாலையை விசாரணை அதிகாரியின் மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டான். நானும் கூட நின்றேன். இனி எந்த லெவலிலும் மணிக் கைப்பிடிக்கு மாலை போடக்கூடாது என்று உத்தரவு வரும் என்கிறார்கள். பெங்களூர்க் கடிதத்தை டாக்டர் என் எதிரிலேயே கிழித்தார். அவனுக்கு என்ன தண்டனை என்று தெரியவில்லை. மணிப் பக்கம் இனிப் போகவிடமாட்டார்கள். அவனே போகமாட்டான்.

10 ஜனவரி, ஞாயிறு

இருவருமாகப் பார்வதம்மா வீட்டுக்குப் போனோம். கழுவித் துடைத்த பூட்ஸைத் துரை வாசலில் வைத்தான். நான்தான் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். அந்தம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டது. எங்களைத் திட்டும் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எல்லாத்துலயும் கடைசிதான் அந்த மனுசன். தாலி கட்டவே நேரம் தவறி ஓடியாந்தவரு. எல்லாரும் ஏறட்டும், எனக்கு இன்னா அவசரம்னுவாரு." அவ்வளவுதான் சொல்லிற்று. பூட்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

16 ஜனவரி, சனி

பொங்கல் கழித்து மேட்டுக்குப் போனேன். போகும்போது பார்த்தேன், புதுத் தடம் எதுவும் இல்லை. பூட்ஸ் பார்வதம்மா வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று நாகம்மா சொல்கிறாள்.

போகும்போது இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். திரும்பும்போது குனிந்து பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? வழியில் உள்வாங்கிய இடத்தைக் கடக்கும்போது, இடப்பக்கம் பார்த்து, "சரியா வந்து சேர்ந்தேன்டா" என்றேன். அந்த மட்டில் சரி.

25 ஜனவரி, திங்கள்

மறுபடியும் என்ஜின் ரூம். நூறு நாள் கழித்து லீவரில் கை வைத்தேன். அது என்னை மறக்கவில்லை. கீழே புது பெல்மேன், மரியகுழந்தை.

ஷிஃப்ட் முடிவு. மூன்று வந்தது: ஆள் ஏறுகிறது. திருப்பி மூன்று கொடுத்தேன். பிறகு ஒன்று வந்தது. தூக்கவில்லை. மனசுக்குள் ஐந்துவரை எண்ணினேன். பிறகு தூக்கினேன்.

எல்லா டிரிப்புக்கும் அப்படியே செய்தேன். ஷிஃப்ட் முடிந்ததும் மரியகுழந்தை வந்து, "இன்னா அண்ணே, மணி அடிச்சும் நிக்கறீங்களே, காது கேக்கலியா?" என்று கேட்டான். வயசாச்சுப்பா என்று சொல்லிச் சிரித்துவைத்தேன். ராஜப்பா எப்போதும் கடைசியாகத்தான் ஏறுவான் என்று அவனிடம் எப்படிச் சொல்வது.